நாலு கம்பியும் நம்ம ஊருத் தண்ணீரும்



கூட்டமைப்பு மலரில் சேமிப்பு, தொழில், வங்கிக் கடன் பத்தியெல்லாம் மற்ற தோழிகள் எழுதுகிறார்கள். நான் தண்ணீர் பார்த்த வரலாற்றை எழுதுகிறேன். காரணம் இருக்கு. ஆட்டுக் கடன் வாங்கினால் ஆடு நிற்கும். தையல் மிஷினுக்கு வாங்கினால் மிஷின் நிற்கும். போர் போட வாங்கின கடனில் தண்ணீர் வரலைன்னா, வெறும் குழிக்கு மாசாமாசம் தவணை கட்டணும். என் குழுவில் ஒரு அக்கா தாலிக்கொடியை அடகு வைத்து அப்படிக் கட்டினதை நான் பார்த்திருக்கேன்.

செட்டிநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. அதனால்தான் ஊருக்கு ஊர் ஊருணியும் கண்மாயும் வெட்டி வைத்தார்கள். குடிக்கிற ஊருணியில் காலை நனைக்கவும் விடமாட்டார்கள். பெரிய வீடுகளில் முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணியை அண்டாவில் பிடித்து வைத்தார்கள்.

கிணறு வெட்ட நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டி வருவது வழக்கம். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடப்பார், இல்லைன்னா வேப்பங்குச்சி. அப்ப நிலத்தடி நீர் மேலேயே இருந்தது. அவர் கை காட்டின இடத்தில் மட்டுமல்ல, பக்கத்தில் தோண்டியிருந்தாலும் தண்ணி வந்திருக்கும்.

போர் வந்ததும் கதை மாறியது. 1967-ல் பீகார் பஞ்சத்தின்போது, கடும்பாறையைத் துளைக்கிற வண்டிகளை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. 1971-ல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தொடங்கியது. 1970-களின் பிற்பகுதியில், கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்த இந்தியா மார்க் 2 அடிபம்பு ஊர் ஊராக வந்தது. நம்ம இடுப்பும் தோளும் நன்றாக அறிந்த பம்பு அது! ஆனால் பாறைக்குள் தண்ணீர் வெடிப்புகளில் மட்டும்தான் நிற்கும். பத்தடி தள்ளிப் போட்டால் வெறும் புகைதான் வரும். எங்கே துளைப்பது என்று அளந்து பார்க்கவேண்டிய தேவை அப்படித்தான் வந்தது.

அதற்கான வழி முன்னாலேயே இருந்தது. 1912-ல் பிரான்சில் கொன்ராட் ஷ்லம்பர்ஜே என்பவர், பூமிக்குள் உலோகத் தாது தேட தரையில் மின்சாரம் விட்டு அளந்தார். 1915-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர், நாலு கம்பி நட்டு மண்ணின் மின்தடையை அளக்கும் முறையை எழுதினார். வெளிப்பக்க ரெண்டு கம்பி வழியாக மின்சாரம் போகும். உள்பக்க ரெண்டு கம்பியில் வோல்டேஜை அளப்பார்கள். வெளிக்கம்பியைத் தள்ளித் தள்ளி நட, இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். 100 மீட்டர் ஆழம் பார்க்க, 300, 400 மீட்டருக்கு நேராக நீண்ட இடம் வேண்டும்.

வெடிப்பில்லாத பாறை மின்சாரத்தை விடாது. அளவு ஆயிரக்கணக்கில் காட்டும். தண்ணீர் கோத்த உக்கல் பாறை சில பத்துகளிலோ நூறுகளிலோ காட்டும். ஆனால் களிமண்ணும் குறைவாகத்தான் காட்டும், உப்புத் தண்ணி அதைவிடக் குறைவு. அளவு குறைந்தால் நல்ல தண்ணீர் என்று துள்ளக்கூடாது. நம்ம மாவட்டத்தில் மேற்கே சிங்கம்புணரிப் பக்கம் கடும்பாறை. கிழக்கே மணற்பாறையும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும். காரைக்குடிக்குச் சம்பை ஊற்று பெயர் வாங்கித் தந்தது இந்த மணற்பாறைப் பூமிதான். ஆகையால் பக்கத்துக் கிணறுகளையும் பார்த்துத்தான் ஜியாலஜிஸ்ட் முடிவு சொல்வார்.

எங்க ஊரில் சர்வே எடுத்தபோது டேப் பிடித்தது நாங்கதான். செம்புறை மண் காய்ந்து கிடந்தால் கம்பிக்கு மின்சாரம் சரியாகப் பிடிக்காது. அதனால் குடத்தில் உப்புத் தண்ணி கொண்டுபோய் கம்பி அடியில் ஊற்றினோம். மிஷின் காட்டிய இடம் ஊருக்கு வெளியே, ஊருணிக் கரைக்குக் கீழே. "கோயில் வாசல்லதான் போடணும், அவ்வளவு தூரம் யார் போய்த் தூக்குறது?" என்று பெரியவர்கள் சண்டை பிடித்தார்கள். "தூக்கப் போறது நாங்கதானே அப்பச்சி, நாங்க போறோம்" என்று குழுவில் மூத்த ஆச்சி எழுந்து சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது. அங்கேதான் போட்டாங்க, தண்ணீரும் வந்தது.

அடுத்தடுத்த கோடையில் தண்ணீர் குறைந்தது. ஊருணியைத் தூர் வாரின பிறகுதான் மறுபடி ஏறியது. மிஷின் இருக்கிற தண்ணீரைக் காட்டும்; இல்லாததை உண்டாக்காது. 2003-ல் தமிழ்நாடு அரசு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் இதற்காகத்தான்.

இனி குழுவில் போர் கடன் கேட்டு வந்தால் மூணு கேள்வி கேளுங்கள். சர்வே எடுத்தாச்சா? பக்கத்து போரில் எத்தனை அடியில் தண்ணீர், உப்பா நல்லதா? மழைத் தண்ணி உள்ளே இறங்க வழி இருக்கா? வேளாண்மைப் பொறியியல் துறையிலும் விவசாயிகளுக்கு இந்த ஆய்வைக் கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள். பதில் கிடைத்த பிறகு தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்.