சேரிக் கோழியும் நிலமும்: வாரத்திலிருந்து ஒப்பந்தம் வரை



நினைவுரை என்றால் போராட்டம், கல்வி, இலக்கியம் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு நாங்கள் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் இந்த அரங்கில் இருப்பவர்களில் எத்தனை பேருடைய முதல் நோட்டுப் புத்தகம் கோழி விற்ற காசில் வாங்கியது என்று கேட்டால், கைகள் பல உயரும். நிலமற்ற வீட்டில் கோழிதான் பெண்களின் கையில் இருந்த ஒரே வங்கி. அந்த வங்கிக்கு ஒரு வரலாறு உண்டு. அதை எழுதி வைக்க யாரும் முன்வரவில்லை.

கல்லில் நிற்கும் சேவல்

விழுப்புரம் பகுதியில் அரசலாபுரம் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுப் பழமை உடையது. அதில் செதுக்கப்பட்டிருப்பது போர்வீரன் அல்ல, சண்டைச் சேவல். முகையூர் மேற்சேரியின் கோழி என்று கல்வெட்டு சொல்கிறது. செங்கல்பட்டுப் பகுதி இந்தளூரிலும் இதுபோல் சேவலுக்கு எடுத்த நடுகல் உண்டு. அங்கே குறிப்பிடப்படுவது கீழ்ச்சேரிக் கோழி. அதற்குப் பொற்கொற்றி என்று பெயரும் இருக்கிறது.

இதைப் பார்த்ததும் ‘அன்றே சேரியின் சேவலுக்குச் சிலை எடுத்தார்கள்’ என்று பெருமை பேசிவிட முடியாது. அன்று சேரி என்பது ஊரின் ஒரு குடியிருப்புப் பகுதி. எல்லோருக்கும் சேரி இருந்தது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வரும்போதுதான் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் நிலக்கணக்கில் தனியே நிற்பதைப் பார்க்கிறோம். மேற்சேரி, கீழ்ச்சேரி என்று திசையைச் சொன்ன சொல், பிறப்பைச் சொல்லும் சொல்லாக மாறிய கதை அது. இன்னொன்றையும் கவனியுங்கள். சேவலுக்குப் பெயர் இருக்கிறது, சேரிக்குப் பெயர் இருக்கிறது. அந்தச் சேவலைப் பொரித்த பெட்டைக்கு அடை வைத்து, குஞ்சைப் பருந்திடமிருந்து காத்தது யார் என்று கல் சொல்லவில்லை.

பட்டியலில் இல்லாத சொத்து

மனுஸ்மிருதி நம்மையும் கோழியையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில், பிராமணர் உண்ணும்போது பார்க்கக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல். சண்டாளன், ஊர்ப்பன்றி, சேவல், நாய், மாதவிலக்கான பெண் என்று அது போகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஊர்க்கோழியை அறிந்தே தின்னும் இருபிறப்பாளன் சாதியிழப்பான் என்று விதி. பத்தாம் அத்தியாயம் சண்டாளரை ஊருக்கு வெளியே குடிவைத்து, நாயும் கழுதையுமே அவர்கள் செல்வம் என்கிறது.

காலம் மாறியும் பட்டியல் போடும் பழக்கம் மாறவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அவை பதினொன்றாயின. ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன்நகை அணியக் கூடாது, மண்பானை தவிர வேறு பாத்திரம் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும், வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் உழக் கூடாது, சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

அதில் கோழி இல்லை. அவர்கள் கண்ணுக்கு அது சொத்தாகத் தெரியவில்லை. நகை, நிலம், எழுத்து மூன்றையும் மறுத்தவர்கள், குப்பையைக் கிளறித் தின்னும் பறவையை விட்டுவிட்டார்கள். அந்தச் சந்தில்தான் எங்கள் ஆயாக்கள் நுழைந்தார்கள்.

கோழி சாமிக்கும் உரியது. அதனால் அங்கும் சட்டம் வந்தது. கோயில் வளாகத்தில் விலங்கு, பறவை பலியைத் தடுக்கும் சட்டம் 1950இல் போடப்பட்டு, ஏட்டில் கிடந்தது. 2003இல் அதைக் கடுமையாக அமல்படுத்த உத்தரவு வந்தபோது, தடியோடு நின்ற காவலர்களை எங்கள் காட்டுக் கோயில்கள் பார்த்தன. எதிர்ப்பு வலுத்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது.

அடையும் வாரமும்

நாட்டுக்கோழி வளர்ப்பு அறிவு ஏட்டில் இல்லை, கையில் இருந்தது. பெட்டை ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பிறகு அடைக்குக் குந்தும். பழைய கூடையில் தவிடோ மணலோ பரப்பி, இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்று ஒரு இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் போட்டு, ஒற்றைப்படையில் முட்டை வைப்பார்கள். ஏழெட்டு நாள் கழித்து, இருட்டில் விளக்கருகே முட்டையை விரலிடுக்கில் பிடித்துப் பார்ப்பார்கள். நரம்பு ஓடினால் கரு, தெளிவாக இருந்தால் கூமுட்டை. 21ஆம் நாள் குஞ்சு. அதன்பின் பகலில் பஞ்சாரம், இரவில் கூண்டு. பழம்பானையில் சாணமும் வைக்கோலும் நனைத்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும். காசில்லாத புரதத்தீவனம் அது.

இனப்பெருக்கத்திலும் கணக்கு உண்டு. ஒரே வீட்டுச் சேவலும் பெட்டையும் தொடர்ந்து கூடினால் குஞ்சு நோஞ்சானாகும் என்று தெரிந்திருந்தது. அதனால் சேவலைத் தெருவுக்குத் தெரு மாற்றினார்கள். வாழ்க்கைப்பட்டு வரும் பெண் தாய்வீட்டுப் பெட்டையைக் கூடையில் கொண்டுவந்தாள். இன்று சிறுவிடை, பெருவிடை என்று கிலோ கணக்கில் விலைபேசும் இனங்கள் அழியாமல் நின்றதில் இந்தப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கோழியே வாங்க முடியாதவர்களுக்கு வாரம் இருந்தது. ஒருவர் பெட்டையைக் கொடுப்பார், மற்றவர் வளர்ப்பார். பொரித்துத் தேறிய குஞ்சில் பாதி வளர்த்தவருக்கு. வாரத்துக்குக் கொடுத்தவர் பெரிய வீட்டுக்காரராக இருந்தால் கணக்கில் சண்டை வரும். பண்டிகைக்கு நல்ல சேவல் எதுவோ அதைக் கேட்டு ஆள் வரும். கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் அந்தப் பாதி குஞ்சு வளர்த்தவளுடையது. அதிலிருந்து அவள் தனக்கென்று ஒரு பெட்டையை உண்டாக்கிக்கொள்ள முடிந்தது.

வெள்ளைக் கழிச்சல்

இந்த வங்கியைத் திவாலாக்கியது நோய். 1927இல் இமயமலைப் பகுதியின் ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் அந்த ஊரின் பெயரே நோய்க்கு ஆயிற்று. நாம் வெள்ளைக் கழிச்சல் என்கிறோம். கோடையில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஒரே வாரத்தில் கூண்டுகள் காலி. 1940களிலேயே முக்தேஸ்வரில் இருந்த அரசு ஆய்வு நிலையம் தடுப்பூசி உருவாக்கிவிட்டது. அப்படியானால் எங்கள் ஆயாக்களின் கோழிகள் அதற்குப் பின்னும் ஏன் செத்தன?

மருந்தைக் குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு புட்டியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். ஐந்து பெட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு யார் புட்டியை உடைப்பார்கள்? கால்நடை மருந்தகம் ஊரில் இருந்தது, சேரி தள்ளி இருந்தது. விஞ்ஞானம் வந்து சேர்ந்தும் தெருமுனையில் நின்றுவிட்ட கதைகளில் இதுவும் ஒன்று. தெரு முழுக்கப் பெண்கள் ஒன்றுகூடி ஒரே காலையில் எல்லாக் குஞ்சுக்கும் ஏழாம் நாள் சொட்டு மருந்து விட்டால் புட்டி வீணாகாது. இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை, ஒரு சங்கம் போதும்.

கொட்டகைக்கு வெளியே

1990களில் கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணைகள் பெருகின. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். விவசாயி கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு தர வேண்டும். சுமார் 40 நாளில் இரண்டு கிலோ எடை வந்ததும் கோழியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். வளர்ப்புக்கூலி கிலோவுக்குச் சில ரூபாய். பழைய வாரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே பாதி குஞ்சு இல்லை, ஒரு குஞ்சுகூட வளர்த்தவருடையது இல்லை. அடுத்த தலைமுறையை உண்டாக்கும் உரிமை முழுவதும் நிறுவனத்திடம் போய்விட்டது.

நிலமுள்ள விவசாயிக்கே இந்த நிலை. நம்மவர்களுக்கு அந்த ஒப்பந்தமும் எட்டவில்லை. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்றால் 5,000 கோழிக்கு 5,000 சதுர அடிக் கொட்டகை வேண்டும். அதற்குப் பட்டா, கிணறு, மின்இணைப்பு, வங்கிக் கடன் வேண்டும். பட்டா இல்லாதவன் கொட்டகைக்குள் கூலியாகத்தான் நுழைந்தான். நள்ளிரவில் கோழி பிடித்து வண்டியேற்றுவதும், எரு அள்ளுவதும், அம்மோனியா நெடியில் கண்ணெரிய நிற்பதும் அவன் வேலையாயிற்று.

பட்டா ஏன் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியராகப் பணியாற்றிய ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்த நிலத்தை நம்மவர் அல்லாதவருக்கு விற்க முடியாது என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கோழியைப் பற்றிய பேச்சு நிலத்தில் வந்து முடிவதை நாங்கள் திட்டமிடவில்லை. அந்தப் பஞ்சமி நிலத்தில் அரை ஏக்கர் கையிலிருந்தால், நூறு நாட்டுக்கோழியும் கொஞ்சம் சோளமும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் யார் வாசலிலும் நிற்காமல் வாழ்ந்திருக்கும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களைத் தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் ஆயாவிடம் அடை வைக்கும் முறையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது கிடைக்க மாதங்கள் ஆகும், மேல்முறையீடும் தேவைப்படும். இரண்டாவதற்கு அவ்வளவு காலம் இல்லை.