திருகாணியும் தேர்ச்சியும்

வேந்தர்தம் முடிபுனைவையும் போர்க்கள வெற்றியையும் விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள் ஒரு திருகாணியின் கதையைப் பெரும்பாலும் கூறுவதில்லை. மகளிர் காதில் அணியும் தோட்டினைத் தாங்கி நிற்பது அதன் பின்னே மறைந்திருக்கும் திருகும் சுரையுமேயாம். காண்போர் கண்ணிற் படுவதோ முன்னே ஒளிரும் கல். சுரை கழன்று வீழ்ந்த அன்றே அதன் அருமை புலப்படும். கைத்தொழிலின் வரலாறும் இத்தகையதே. ஒரு கருவியின் தோற்றத்தைக் கண்டு அதுபோன்ற பிறிதொன்றைச் செய்தல் ஒரு நிலை. அதனுள் மறைந்து நிற்கும் சிற்றுறுப்பொன்று பழுதுற்றபோது அதனைத் தாமே செய்து பொருத்துதல் மற்றொரு நிலை. இவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள தொலைவினை யப்பான் நாட்டுத் துப்பாக்கியின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானின் தென்பாகத்தில், கியூசுத் தீவுக்குத் தெற்கே, தனேகசிமா என்னும் சிறுதீவு உளது. 1543ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு பெரிய மரக்கலம் அதன் கரையை அடைந்தது. வந்தோரின் மொழி தீவினர்க்கு விளங்கவில்லை. கலத்திலிருந்த சீன அறிஞர் ஒருவரும் அவ்வூர்த் தலைவரும் கோலினால் மணலிற் சீன எழுத்துக்களை எழுதி வினாவும் விடையும் பரிமாறிக்கொண்டனர். அக்கலத்தில் வந்த போர்த்துக்கேயரிடம் திரியினால் தீமூட்டிச் சுடும் துப்பாக்கிகள் இருந்தன. தீவின் இளந்தலைவரான தொக்கிதக்கா அப்பொழுது 15 வயதினர். அவர் விலையின் உயர்வைப் பொருட்படுத்தாது இரண்டு துப்பாக்கிகளை வாங்கினார். கருமருந்து செய்யும் முறையைக் கற்குமாறு தம் ஏவலாளர் ஒருவரையும் பணித்தார்.

இச்செய்திகளை நமக்குத் தருவது நன்போ புன்சி என்னும் பௌத்தத் துறவி 1606ஆம் ஆண்டில் எழுதிய ‘தெப்போக்கி’ என்னும் வரலாறாகும். நிகழ்ச்சிக்கு அறுபது ஆண்டுகளின் பின்னர், அத்தலைவர் குடும்பத்தின் பெருமையை நிலைநாட்டும் பொருட்டு எழுதப்பட்டதாதலின், அதனை எச்சரிக்கையுடனேயே கொள்ளல் வேண்டும். போர்த்துக்கேயரான அந்தோனியோ கல்வாவோவின் நூல், 1563இல் வெளிவந்தது, இவ்வருகையை 1542ஆம் ஆண்டுக்கு உரியதாக்கும். ஆண்டு வேறுபடினும், தெப்போக்கி கூறும் தொழிற்செய்தி ஒன்று வரலாற்று மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

தொக்கிதக்கா தம் தீவின் கொல்லரை அழைத்து, வாங்கிய துப்பாக்கியைப் போலச் செய்யுமாறு பணித்தார். வாள் வடித்தலில் யப்பானியக் கொல்லர் ஈடும் எடுப்பும் அற்றவர். இரும்புத் தகட்டை ஒரு கோலின்மேற் சுற்றிக் காய்ச்சி இணைத்துக் குழலாக்குதல் அவர்க்கு இயலாத செயலன்று. புறவடிவில் அவர் செய்தது மூலத்தை ஒத்திருந்தது. ஆயின் குழலின் அடிவாயை அடைக்கும் வகையை அவர் அறிந்திலர்.

அடிவாயை அடைத்தற்கு இரும்புக் கட்டை ஒன்றை வைத்துக் காய்ச்சி அடித்துவிடல் ஆகாதோ என வினவலாம். ஆகாமைக்குக் காரணம் இரண்டு. மருந்து வெடிக்குங்கால் எழும் அழுத்தம் முழுவதும் அவ்விடத்தையே தாக்கும். இணைப்பிற் சிறுகுறை இருப்பினும் கட்டை பின்னோக்கிப் பாய்ந்து சுடுவோன் முகத்தையே தாக்கும். மேலும், கருமருந்து எரிந்தபின் அதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்பொருளாகவே எஞ்சும். அது குழலினுட் படிந்து ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். அடிவாயைத் திறக்க இயலுமாயின் குழலை முற்றாகத் துலக்கலாம். உட்புறத்தை ஒளியிற் பிடித்து நோக்கிக் குறையும் காணலாம். எனவே, அடைப்பு இறுகவும் வேண்டும், வேண்டும்போது கழலவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தருவது திருகாணி. அதுவோ அக்காலத்து யப்பானியக் கொல்லர் அறியாத பொருள்.

மறு ஆண்டில் மீண்டும் ஒரு கலம் வந்தது. அதில் வந்தோருள் ஒரு கொல்லனும் இருந்தான். யாயித்தா கின்பே கியொசதா என்னும் தீவுக் கொல்லர் அவனிடம் அடிவாயை அடைக்கும் வகையைக் கற்றார் எனவும், ஓராண்டுக்குச் சிறிது மேற்பட்ட காலத்திற் பல பத்துத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன எனவும் தெப்போக்கி கூறும். இவ்வித்தையைப் பெறுதற்குக் கின்பே தம் மகள் வாக்காசாவைப் போர்த்துக்கேயர் ஒருவர்க்கு மணமுடித்துக் கொடுத்தார் என்பது யாயித்தா குடும்பத்தாரின் மரபுச் செய்தி. தெப்போக்கியில் இச்செய்தி இல்லையாதலின் இதனை நிகழ்ந்தது என்று துணிதற்கில்லை. எனினும், ஒரு திருகாணியின் அறிவுக்கு ஒரு மகளை ஈடாக வைத்து ஒரு தீவின் நினைவு கதை சொல்லுமாயின், அவ்வறிவு எத்துணை அரிதாகக் கருதப்பட்டது என்பது புலனாகும். அவ்வறிவுக்கு யார் விலை கொடுத்தார் என்பதையும் அக்கதை மறைக்கவில்லை.

இனி, அத்திருகாணி செய்யப்பட்ட வகையை நோக்குவோம். வெளிப்புரியை அரத்தினால் வெட்டலாம். கோலின்மேற் சுற்றுக்கோட்டினைக் குறித்துக்கொண்டு பொறுமையுடன் அராவின் அது கைகூடும். குழலின் உட்புரியோ கடினமானது. முன்னரே வெட்டிய திருகாணியைக் காய்ச்சிய குழலினுள் வைத்துப் புறத்தே அடித்து, அதன் புரி உள்ளே பதியுமாறு செய்தனர் என்பது ஆராய்ந்தோர் கூறும் ஒரு வழி. இதன் விளைவு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு குழலின் திருகாணி அக்குழலுக்கே உரியது; மற்றொன்றிற்குப் பொருந்தாது. தொலைந்தால், அக்குழலைக் கொல்லனிடம் கொண்டுசென்றே புதியதொன்று செய்வித்தல் வேண்டும். இதற்கு மாறாக, குழலை மரக்கட்டையுடன் பிணைப்பவை மூங்கில் முளைகள். அவை முறிந்தால் உடையவனே கத்தியினாற் சீவிப் புதியவற்றை இட்டுக்கொள்ளலாம். இவ்வாறு, உடையவன் தானே செய்யக்கூடியதும் கொல்லனன்றிச் செய்யலாகாததும் ஒரே கருவியில் அருகருகே அமைந்திருந்தன.

ஒரு கருவியின் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தாமை யப்பானுக்கு மட்டும் உரிய குறையன்று. ஐரோப்பாவிலும் நிலை அதுவே. 1785ஆம் ஆண்டில், பிரான்சில் அமெரிக்கத் தூதராயிருந்த தோமஸ் ஜெபர்சன், ஒனோரே பிளாங் என்னும் தொழில்வல்லுநரின் பட்டறைக்குச் சென்றார். ஐம்பது துப்பாக்கிப் பொறிகளின் உறுப்புகள் அங்கே வகை வகையாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஜெபர்சன் கைக்கு எட்டியவற்றை எடுத்துத் தாமே சில பொறிகளைப் பூட்டினார். அவை பிழையின்றிப் பொருந்தின. அமெரிக்காவில் ஜோன் ஹோல் ஓரிடத்திலும் சிமியன் நோர்த் தொலைவிலுள்ள மற்றோரிடத்திலும் செய்த துப்பாக்கிகளின் உறுப்புகள் 1834ஆம் ஆண்டளவில் தம்முள் மாற்றிப் பூட்டத்தக்கனவாயின. இங்கிலாந்தில் 1800ஆம் ஆண்டையொட்டி ஹென்றி மோட்ஸ்லி திருகு வெட்டும் கடைசற்பொறியைச் செம்மை செய்தார். 1841இல் ஜோசப் விற்வேர்த் திருகுப் புரிகளுக்குப் பொது அளவொன்றை முன்மொழிந்தார். இவ்வனைத்தின் பின்னரும் அரம் பட்டறையை விட்டு நீங்கவில்லை. ஆயின், அராவுவோன் கண்மதிப்பை நம்பாது, வகுத்துக் கொடுக்கப்பட்ட அளவுக்கருவியையே நம்பினான். மாற்றம் கையில் அன்று, அளவில் நிகழ்ந்தது.

பழந்துப்பாக்கிகளைப் போற்றுவோர் இன்றும் இவ்வுண்மையை எதிர்ப்படுகின்றனர். முன்வாயால் மருந்திட்டுச் சுடும் துப்பாக்கிகளுக்கென 1971இல் நிறுவப்பட்ட அனைத்துலகக் குழு மூலப்படைக்கலங்களுக்கும் அவற்றின் நேர்ப்படிகளுக்கும் போட்டிகள் நடத்தி வருகின்றது. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘தனேகசிமா’. குழுப்போட்டி ஒன்று, 1575இல் நிகழ்ந்த நாகசினோப் போரின் பெயரைத் தாங்குவது. நேர்ப்படியின் பித்தளை வில் தளர்ந்தாலோ திரி பற்றும் கவ்வி முறிந்தாலோ, உடையவர் பலர் வீட்டுப் பட்டறையில் அதனைத் தாமே செய்ய முயல்வர். பழைய கவ்வியையே கருவாக வைத்து அச்செடுத்துப் பித்தளையை வார்ப்பின், உலோகம் ஆறுங்கால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவிற் சுருங்கும். படியிலிருந்து படியெடுப்பின் மேலும் சுருங்கும். எனவே மூலத்தை அளந்து, சுருக்கத்துக்கு இடம்விட்டு, அராவிப் பொருத்துவோரே வெற்றி பெறுவர். குழலும் அடித்திருகும் இவ்வகையைச் சேர்ந்தனவல்ல. அவை அழுத்தம் தாங்கும் உறுப்புகளாதலின், உரிமம் பெற்ற வல்லுநரிடமே விடற்பாலன. நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் கின்பே நின்று தயங்கிய எல்லை இன்னும் அவ்விடத்திலேயே உளது.

இவ்வரலாற்றின் நிறைவை ஓமி நாட்டுக் குனித்தொமோ என்னும் ஊரிற் காணலாம். துப்பாக்கிக் கொல்லர் நிறைந்த அவ்வூரிற் பிறந்தவர் இக்கான்சாய் (1778–1840). ஒல்லாந்தர் வழி வந்த காற்றுத் துப்பாக்கி ஒன்று பழுதுபார்ப்பதற்காக அவரிடம் வந்தது. அதனைப் பிரித்துச் செப்பனிட்டவர், அதன் இயல்பை உணர்ந்து 1819ஆம் ஆண்டளவில் அதனினும் மேம்பட்ட ஒன்றைத் தாமே செய்தார். பின்னர் உலோக ஆடியினாலாகிய தொலைநோக்கியைச் சமைத்து, 1835ஆம் ஆண்டு தொடக்கம் சூரியனின் புள்ளிகளைத் தொடர்ந்து நோக்கி வரைந்து வைத்தார். பஞ்சம் வந்தபோது தம் தொலைநோக்கிகளை விற்று ஊராரின் பசி தீர்த்தார் என்பர். அடிவாயை அடைக்கத் தெரியாது நின்ற தொழில் மரபு, மூன்று நூற்றாண்டுகளுள் வானத்தை அளக்கும் நிலையை எய்தியது.

புறவடிவைப் பார்த்துச் செய்தல் கல்வியின் தொடக்கம், அது முடிவன்று. தனேகசிமாக் கொல்லர் தாம் செய்தது மூலத்தைப் போல் இருக்கின்றது என்று மனநிறைவு கொண்டிருப்பின், அவர் செய்தவை காட்சிப் பொருள்களாகவே கிடந்திருக்கும். தமக்குத் தெரியாதது இன்னதெனக் கண்டு, அதனை அறிந்தவனிடம் சென்று கேட்டமையே அவர்தம் பெருமை. அயலார் ஆக்கிய பொருளை வாங்கிப் பயன்படுத்தும் நாடு, அதன் ஒரு திருகாணி கழன்றபோது யாரை நோக்கி நிற்கின்றது என்பதைக் கொண்டே அதன் தேர்ச்சியை அளவிடலாம். நூலறிவுக்கும் இதுவே அளவுகோல்.