ஏடும் நாடாவும்: பழுது எங்கே இருக்கிறது?

பல்லாவரத்தில் பல்லாண்டு குடியிருப்பவர்களில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கிருந்த சரளைக் குழி ஒன்றில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. மண்ணுக்குள் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் கிடந்த அதை அடையாளம் காண ஒரு கண்ணும் ஒரு கையும் போதுமாக இருந்தன. இடையில் எந்தப் பொறியும் தேவைப்படவில்லை.

அந்தக் குன்றுகளிலிருந்து அதிகத் தொலைவில்லாத எங்கள் கல்லூரியில், தமிழ்த்துறை மாணவர்கள் பல ஆண்டுகளாகச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பதிவு செய்த ஒப்பாரிகள், தாலாட்டுகள், கூத்துப் பாடல்கள் ஒரு கணினியில் இருந்தன. அவற்றின் படிகள் பதினேழு காந்த நாடாப் பேழைகளில் இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் கணினியின் வட்டு செயலிழந்தது. "கவலை வேண்டாம், டேப்பில் இருக்கிறது" என்று எல்லோருக்கும் ஆறுதல் சொன்னவன் நான்தான். நாடா நூலகத்தை இயக்கினோம். சிவப்பு விளக்கு எரிந்தது. பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை என்பது அப்போதுதான் என் நினைவில் உறைத்தது.

*

நாடா நூலகம் என்பது என்ன? பேழைகள் செருகிய அறைகள், அவற்றை எடுத்துச் செல்லும் ஒரு பொறிக்கை, பேழையை வாங்கிப் படிக்கும் டேப் டிரைவ் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அமைந்தது. ஏடுகளை அடுக்கிவைத்த அறை, எடுத்துத் தரும் ஏவலாள், படிக்கும் புலவர் என்று நம் மொழியில் சொல்லிக்கொள்ளலாம். ஏவலாளுக்கு எழுத்து தெரியாது. பேழையின் முதுகில் ஒட்டிய கோட்டுக் குறியை மட்டுமே அவன் அறிவான்.

இதன் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் உட்பட்டது. 1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃபிளோய்மர் காகிதப் பட்டையில் இரும்பு ஆக்சைடு பூசி ஒலியைப் பதித்தார். 1951இல் யுனிவாக் கணினியோடு வந்த யுனிசர்வோ உலோக நாடாவைப் பயன்படுத்தியது. 1952இல் ஐ.பி.எம். 726 வந்தது. சடாரென்று சுழன்று சடாரென்று நின்றால் மெல்லிய பிளாஸ்டிக் நாடா அறுந்துவிடும் என்பதால், காற்றை உறிஞ்சும் குழல்களுக்குள் நாடாவைத் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். நாடாக் கருவியின் வரலாறு முழுவதுமே பழுதுக்கு அஞ்சி எழுதப்பட்ட வரலாறு என்று தோன்றுகிறது.

அக்காலத்தில் நாடாவை எடுத்து மாட்டியவர்கள் மனிதர்கள். 1973இல் கிண்டியில் சென்னை ஐ.ஐ.டி. ஐ.பி.எம். 370/155 கணினியைப் பெற்றது இந்தக் காலகட்டத்தில்தான். அடுத்த ஆண்டே ஐ.பி.எம். 3850 என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. தேனடை போன்ற அறைகளிலிருந்து சிறு உருளைகளை ஒரு பொறி தானே எடுத்துப் படித்தது. 1987இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனத்தின் 4400 என்ற கூண்டில் சுமார் 6,000 பேழைகளுக்கு நடுவே பொறிக்கை சுழன்றது. 2000ஆம் ஆண்டில் ஐ.பி.எம்., எச்.பி., சீகேட் மூன்றும் சேர்ந்து எல்.டி.ஓ. என்ற பொதுத்தரத்தைக் கொண்டுவந்தன. முதல் தலைமுறைப் பேழை 100 ஜிகாபைட் கொண்டது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் கொள்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஏழாம் தலைமுறை வரை ஒரு டிரைவ் தனக்கு முந்திய இரண்டு தலைமுறைகளை மட்டுமே படிக்கும். எட்டாம் தலைமுறையில் அது ஒன்றாகச் சுருங்கியது. எங்கள் பேழைகள் நான்காம் தலைமுறை. பணம் கொடுத்துப் புதிய டிரைவ் வாங்கினாலும் அதற்கு எங்கள் எழுத்து புரியாது.

*

பழுது பார்க்க வந்த இளைஞர் பெட்டியைத் திறக்குமுன் சொன்ன முதல் வார்த்தை, "சார், இனிமே ஒரு டேப்பையும் உள்ளே போடாதீங்க" என்பதுதான். கெட்டுப்போன டிரைவ் நல்ல நாடாவைக் கிழிக்கும். கிழிந்த நாடா அடுத்த டிரைவைக் கெடுக்கும். பழுது தொற்றிக்கொள்ளும். பதினேழு பேழைகளிலும் எழுதவிடாமல் தடுக்கும் சிறு தாழை நகர்த்தி வைத்தார். பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.

காலிப் பெட்டியை இயக்கினார். பொறிக்கை மேலும் கீழும் சென்று தன் இருப்பிடம் திரும்பியது, அறைகளை எண்ணியது. கையில் பழுதில்லை. விளக்கு ஏன் எரிகிறது என்று பார்த்தால், டிரைவ் தன் தலையைத் துடைத்துக்கொள்ளக் கிளீனிங் கார்ட்ரிட்ஜைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் துடைப்பு நாடா ஏறக்குறைய ஐம்பது முறைதான் பயன்படும். எங்களுடையது எப்போதோ தீர்ந்துவிட்டது. டிரைவ் அதைத் துப்பியது. கை மீண்டும் கொண்டுவந்து கொடுத்தது. எத்தனை மாதங்களாக இது நடந்ததோ, ஒருவரும் கவனிக்கவில்லை.

புதிய துடைப்பு நாடாவுக்குப் பிறகும் டிரைவ் படிக்கவில்லை. உடனே எங்கள் பேழையைப் போடாமல், ஒன்றுமே எழுதாத புதுப் பேழையைப் போட்டு எழுதிப் படித்துப் பார்த்தார். அதிலும் பிழை. கணினிக்குச் செல்லும் கேபிளை மாற்றினார். அப்போதும் பிழை. "டேப்பை மாத்தினாலும் தப்பு மாறலைன்னா, தப்பு டேப்போடது இல்ல சார், டிரைவோடது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே இருபது ஆண்டுகளாக முதுகலை வகுப்பில் பாடபேதம் என்ற தலைப்பில் நடத்திவருகிறேன்! ஒரு சொல் ஒரு சுவடியில் மட்டும் பிழையாக நின்றால் பிழை அந்த ஏட்டினுடையது, அல்லது அதை எழுதியவருடையது. எல்லாச் சுவடிகளிலும் ஒரே இடம் சிதைந்திருந்தால் அவற்றின் மூலத்திலேயே பழுது. எங்கும் பொருள் விளங்கவில்லையென்றால், படிக்கிற நம்மிடமே குறை இருக்கலாம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தது பல சுவடிகளை ஒத்துப்பார்த்த இந்த உழைப்பினால்தான். ஒரே ஒரு படி மட்டும் கையில் இருந்தால் ஏட்டின் குற்றத்தையும் எழுதியவரின் குற்றத்தையும் பிரித்தறிய வழியில்லை. நாடாவுக்கும் இதுவே விதி.

*

உலகின் பெரிய நிறுவனங்களும் இந்தப் பாடத்தை விலைகொடுத்தே கற்றன. அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது நேரடியாகப் பதிவான மூல நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று நாசா 2009இல் அறிவித்தது. கருவி பழுதாகவில்லை, அந்தப் பேழைகளில் இருப்பது இன்னதென்ற நினைவு பழுதாகியிருந்தது.

இதற்கு எதிரான கதையும் உண்டு. 1966, 67ஆம் ஆண்டுகளில் நிலவைச் சுற்றிய லூனார் ஆர்பிட்டர் கலங்களின் படங்கள் சுமார் 1,500 நாடாக்களில் இருந்தன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் கருவிகள் வழக்கொழிந்துவிட்டன. நான்சி எவன்ஸ் என்ற நாசா ஊழியர் அக்கருவிகள் சிலவற்றைத் தம் இருப்பிடத்திலேயே பல்லாண்டு காத்துவைத்திருந்தார். கலிபோர்னியாவில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகத்தில் அவற்றை வைத்துச் சிறு குழுவொன்று பழுது நீக்கியது. நிலவுக்கு மேல் பூமி எழும் 1966ஆம் ஆண்டுப் படம், 2008இல் முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு மீண்டது. நாடாவைக் காத்தவர்கள் பலர். படிக்கும் கருவியைக் காத்தவர் ஒருவர். அவர் இல்லையென்றால் மற்றவர் உழைப்பு வீண்.

2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையொன்றால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினர் தம் அஞ்சல்களை இழந்தனர். வட்டுகளில் இருந்த படிகள் எல்லாவற்றையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. மின்னிணைப்பின்றி ஓரமாக இருந்த நாடாக்களிலிருந்தே கூகுள் அவற்றை மீட்டது. நாடாவின் ஊமைத்தனமே அங்கு அதற்குக் காப்பாயிற்று.

படியே இல்லாதவை போனால் போனவைதாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களுள் வேறெங்கும் இல்லாத சுவடிகளும் இருந்தன. அந்தச் சாம்பலில் பழுது தேட எந்த முறையும் உதவாது.

*

ரிச்சி தெருவில் பழைய பொருள் விற்கும் கடையொன்றில் நான்காம் தலைமுறை டிரைவ் ஒன்று கிடைத்தது. முதலில் புதுப் பேழையைக் கொடுத்துச் சோதித்தோம். எழுதியது, எழுதியதைத் திருப்பிச் சொன்னது. அதன்பிறகே எங்கள் பேழைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். பதினைந்து பேழைகள் பேசின. இரண்டு பேசவில்லை. வேறொரு டிரைவில் போட்டாலும் அதே இடத்தில் நின்றன. பிழை நாடாவோடு வந்தது. ஆகவே பிழை நாடாவினுடையது. அவற்றிலொன்றில் திருநீர்மலைப் பக்கத்து மூதாட்டி ஒருவர் பாடிய ஒப்பாரி இருந்தது. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

நம் முன்னோர் ஏட்டை நிலையானது என்று நம்பவில்லை. செல்லரிக்கும் என்று தெரிந்தே தலைமுறைதோறும் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதும்போது படித்தாக வேண்டும். படிக்கும்போது பழுது தெரிந்துவிடும். நாமோ எழுதிவைத்துப் பூட்டிவிட்டு, இருக்கிறது என்று நம்பிக்கொள்கிறோம். படித்துப் பார்க்காத படி, படியே அல்ல.

இப்போது எங்கள் துறையில் ஆண்டுக்கு ஒரு நாள், தை பிறந்து மழை ஓய்ந்த பின், பதினைந்து பேழைகளையும் எடுத்துப் படித்துப் பார்க்கிறோம். வேறிடத்தில் வைத்துள்ள இரண்டாம் படியோடு ஒத்துப்பார்க்கிறோம். மாணவர்கள் அதைச் சுவடி ஒப்பீட்டு வகுப்பு என்றே அழைக்கிறார்கள். பேசாத இரண்டு பேழைகளையும் நான் எறியவில்லை. அவையும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன.