கக்கும் குழந்தையும் பேசத் தாமதிக்கும் குழந்தையும்: எதுக்களிப்பின் மேல் விழும் பழி

நான்கு மாதக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு, நாளுக்கு ஒரு தடவையாவது குடித்த பாலைக் கக்கும். சிகாகோ வட்டாரத்துக் குழந்தை மருத்துவர்கள் 948 பெற்றோரை விசாரித்து 1997இல் வெளியிட்ட கணக்கின்படி, நான்காம் மாதத்தில் 67 சதவீதமாக உச்சம் தொடும் கக்கல், பத்து முதல் பன்னிரண்டு மாத வயதில் 5 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. இப்படி இரைப்பையில் உள்ளது மேலேறி வரும் எதுக்களிப்பே பேச்சைத் தாமதப்படுத்தும் என்றால் ஊரில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாமதமாகத்தான் பேச வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஆனாலும் "கைக்குழந்தையிலேயே ரொம்பக் கக்குவான், அதான் இன்னும் பேச்சு வரல" என்ற விளக்கம் வீடுகளில் தடையின்றிச் செலாவணியாகிறது. சில நேரம் மருத்துவர் அறையிலும். எதுக்களிப்பு உள்ள குழந்தையின் வளர்ச்சியில் சுணக்கம் தெரிந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் மேலேறும் இரைப்பை அமிலம் அன்று. அமிலத்துக்குப் பயந்து பெரியவர்கள் செய்யும் காரியங்களும், அமிலத்தின் பெயரில் மறைந்துகொள்ளும் வேறு நோய்களுமே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரைப்பையின் வாயிலில் உள்ள தசைவளையம், விழுங்காத வேளையிலும் சில நொடிகள் தானாகத் தளரும். பெரியவர்களுக்கும் இது உண்டு. குழந்தைக்கோ உணவெல்லாம் திரவம், பெரும்பொழுது படுக்கை, உணவுக்குழாயும் குட்டை. எனவே பால் மேலேறி, தோளில் போட்டு முதுகைத் தட்டும் பாட்டியின் புடவையில் தயிராக வழிகிறது. எடை ஏறுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது என்றால் இது துணி துவைக்கிற பிரச்சினை மட்டுமே. எடை ஏறாமை, பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்புவது, கக்கலில் ரத்தம், ஓயாத மூச்சிரைப்பு ஆகியவை தெரிந்தால் நோய் என்று பார்க்க வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அது எதுக்களிப்பே இல்லை. குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எதுக்களிப்பையும் பேச்சையும் இணைக்கும் வாதங்களில் கனமானது காது வழியே வருவது. இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் 2002இல், நடுக்காதில் நீர் கோத்த குழந்தைகளின் காதுநீரைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் இரைப்பைக்கே உரிய பெப்சின் என்னும் செரிமான நொதி இருந்தது. மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறத்தாழப் படுக்கைவாட்டில் இருப்பதால், மேலேறிய பால் அங்கும் எட்டுகிறது. காதில் நீர் கோத்தால் கேட்பது மங்கும். கேட்பது மங்கினால் பேச்சு தாமதமாகும். சங்கிலி அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதன் கடைசிக் கண்ணி இழுத்துப் பார்த்தபோது தாங்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் குழுவினர், மூன்று வயதுக்குள் நடுக்காது நீர் நீடித்த 429 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு உடனே காதுச் சவ்வில் குழாய் பொருத்தப்பட்டது. மற்றதுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, நீர் வடியாதவர்களுக்கு மட்டும். மூன்று வயதில் பேச்சிலும் மொழியிலும் அறிவு வளர்ச்சியிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2001இல் அறிவித்தார்கள். ஒன்பது முதல் பதினோரு வயதில் திரும்பச் சோதித்தும் முடிவு மாறவில்லை. இவர்கள் மற்றபடி ஆரோக்கியமான குழந்தைகள் என்பதை மறக்கக் கூடாது. அண்ணப் பிளவோ டவுன் நோய்க்குறியோ உள்ள குழந்தைக்கு இந்த நிம்மதியை அப்படியே எடுத்து வழங்க முடியாது. பிறந்தவுடன் செய்த செவித்திறன் சோதனையில் தேறியதும் போதாது. நீர் கோப்பது அதற்குப் பிறகு வரும் கதை.

வாய் வழியே ஒரு வாதம் உண்டு. சப்புவதும் மெல்லுவதும் பேச்சுக்கான பயிற்சி, ஆகவே கக்கலால் சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்குப் பேச்சு சுணங்கும் என்பது. மூர், ருவார்க் என்ற ஆய்வாளர்கள் 1996இல் 15 மாதக் குழந்தைகளின் தாடைத் தசைகளில் மின்முனை ஒட்டிப் பதிவு செய்தார்கள். மெல்லும்போது தசைகள் இயங்கிய ஒழுங்கு வேறு, மழலை பேசும்போது இயங்கிய ஒழுங்கு வேறு. தசை ஒன்றே ஆனாலும் அதை ஆட்டும் முறை தனித்தனி. கக்கிவிடுமோ என்று மிக்ஸியில் மசித்த கூழையே தொடர்வதால் நேரும் இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பிரிஸ்டல் வட்டாரத்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில், பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியும் திப்பியுமான உணவைக் கண்ட குழந்தைகள் 15 மாதத்தில் சாப்பிடக் கூடுதலாகப் படுத்தினார்கள். அது தட்டுப் பிரச்சினை, பேச்சுப் பிரச்சினை அன்று.

தமிழ் வீடுகளில் கக்கல், பேச்சுத் தாமதம் என்ற இரண்டு குறைகளுக்கும் மருந்து ஒன்றுதான்: சுட்டு உரைத்த வசம்பு. வயிற்றுக்கும் அதுவே, நாக்குத் திருந்தவும் அதுவே. பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். அதிலுள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உடையது என்பதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வசம்பை உணவில் சேர்க்க 1968இலேயே தடை விதித்தது. கக்கலுக்குக் கொடுக்கும் பொருளே வாந்தியைக் கிளப்பக்கூடும் என்பதைப் பாட்டிகளிடம் யார் சொல்வது?

உடல் இயக்கத்தில் ஏற்படும் சுணக்கத்துக்குத் தரையில் விடாதது ஒரு காரணம். கக்கும் குழந்தையைக் குப்புறப் போட வீட்டார் அஞ்சுகிறார்கள். நாள் முழுக்கத் தோளிலோ சாய்வு நாற்காலியிலோ வைத்திருக்கிறார்கள். நாற்காலியால் பலனும் இல்லை. மருத்துவர் சூசன் ஓரன்ஸ்டைன் குழு 1983இல் அளந்து பார்த்தபோது, சாய்வு இருக்கையில் எதுக்களிப்பு குறையவில்லை, கூடியது. மடங்கிய இடுப்பு வயிற்றை அழுத்துகிறது. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஐந்தாம் மாதத்துக்கு வகுத்த செங்கீரைப் பருவம், கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடும் நிலைதான். தரையில் விடாத குழந்தைக்கு அது வாய்க்காது. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மல்லாந்து தூங்கிய குழந்தைகள் குப்புறத் தூங்கியவர்களைவிடத் தாமதமாகப் புரண்டன, தாமதமாகத் தவழ்ந்தன. நடக்கத் தொடங்கிய வயதில் மட்டும் வேறுபாடில்லை. தூங்கும்போது மல்லாந்துதான் படுக்க வேண்டும், எதுக்களிப்பு இருந்தாலும். தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தின் அபாயத்தைக் குறைக்கும் வழி அது. விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது வேறு விஷயம். தவழத் தொடங்காத குழந்தைக்கு நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது அப்படி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. பால் குடித்துச் சற்று நேரம் கழித்து, அம்மாவின் நெஞ்சின் மேலேயே போடலாம்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் தீராதா? ஓரன்ஸ்டைனே இதையும் சோதித்தார். 2009இல் வெளியான அச்சோதனையில் 162 குழந்தைகளில் பாதிப்பேருக்கு லான்சோபிரசோல், பாதிப்பேருக்கு வெற்று மருந்து. இரு பக்கமும் தேறியவர்கள் சரியாக 54 சதவீதம். மருந்து குடித்தவர்களுக்கு நுரையீரல் தொற்று அதிகம். 2018இல் வந்த அமெரிக்க ஐரோப்பிய கூட்டு வழிகாட்டி, ஆரோக்கியமான குழந்தையின் அழுகைக்கும் கக்கலுக்கும் அமில மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மருந்துச் சீட்டுகள்தாம் இன்னும் கேட்கவில்லை.

இனி, எதுக்களிப்பின் பெயரில் மறையும் நோய்கள். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு எதுக்களிப்பு மிகச் சாதாரணம். அங்கே மூளைதான் முதல், கக்கலும் பேசாமையும் அதன் இரு விளைவுகள். இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. எதுக்களிப்பில் சில குழந்தைகள் கழுத்தைத் திருகி முதுகை வில்லாக வளைக்கும். மார்செல் கின்ஸ்போர்ன் 1964இல் விவரித்த இந்நிலைக்கு சாண்டிஃபர் நோய்க்குறி என்று பெயர். பார்க்க வலிப்பு போலிருக்கும், வலிப்பு அன்று. இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. 1841இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் மகனுக்கே வந்த ஒரு நோயை லான்செட் இதழுக்குக் கடிதமாக எழுதினார். நான்கு மாதத்தில் தலை லேசாகக் கவிழத் தொடங்கி, பிறகு வணக்கம் சொல்வதுபோல் உடல் அடுத்தடுத்து மடங்கும். இன்று வெஸ்ட் நோய்க்குறி எனப்படும் இந்தச் சிசு வலிப்பு, கக்கல் உச்சத்தில் இருக்கும் அதே மாதங்களில் வருகிறது. தூங்கி எழும்போது கொத்தாக வருகிறது. வயிற்று வலி, எதுக்களிப்பு என்று வாரக்கணக்கில் மருந்து கொடுக்கப்படுகிறது. சிகிச்சை தாமதமாகத் தாமதமாக வளர்ச்சி பின்தங்குகிறது. முன்பு சிரித்த குழந்தை சிரிப்பை நிறுத்தியிருந்தால் எந்த எதுக்களிப்பும் அதற்கு விளக்கம் ஆகாது. அசைவைக் கைப்பேசியில் படமெடுத்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, மூளை மின்னலைப் பதிவு எடுக்க வேண்டும்.

கக்கலுக்காக வரும் குழந்தையின் வளர்ச்சியையும் அதே வருகையில் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சிச் சோதனை அட்டையில் பிறப்பு முதல் இரண்டு வயது வரைக்கும் 17 கேள்விகள்தான். குழந்தையின் வயது மாதத்தில் அளவுகோலை நிமிர்த்தி வைத்து, கோட்டுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துபோன படி எதையாவது குழந்தை எட்டவில்லையா என்று பார்ப்பது சில நிமிட வேலை. சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை, இரண்டு வார்த்தை வரவில்லை என்றால் அடுத்த சீட்டு செவித்திறன் சோதனைக்கு எழுதப்பட வேண்டும், இன்னொரு பாட்டில் அமில மருந்துக்கு அல்ல.