தந்தையை இழந்த பேரனும் மூன்றிலொரு பங்கும்

மரண சாசனம் எழுதுவது செல்வந்தர்களின் வேலை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தபின் அந்த எண்ணத்திற்கு இடமில்லை. சாலையோரம் சிறிது நிலமும் ஒரு வீடும் உடையவரும் இங்கே இன்று சொத்துடையவரே. அவர் எதையும் எழுதாமல் மறைந்தால் அதிகம் இழப்பவர், தந்தையை முன்னரே இழந்த பேரப்பிள்ளை.

மகன் தந்தைக்கு முன்பே மவ்த்தாகிவிடுகிறான். வேறொரு மகன் உயிரோடிருக்கிறான். பின்னர் தந்தை இறக்கும்போது, முன்னர் இறந்த மகனின் பிள்ளைகளுக்கு அவர் சொத்தில் பங்கு கிடையாது. நெருங்கிய உறவு, தூர உறவைத் தடுக்கும் என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் விதி.

இந்திய வரலாறு இதில் மௌனமாகவே இருந்துவிட்டது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், பெண்மக்களின் பங்கை மறுத்துவந்த வழக்காறுகளை நீக்கி, வாரிசுரிமையை மார்க்கச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. ஆயினும் விவசாய நிலத்தை அது விட்டுவிட்டது. நிலமே சொத்தாயிருந்த நாட்டில் இது சிறிய விலக்கன்று! சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து அவ்விலக்கை அகற்றியது. இதனால் நம் பகுதியின் நஞ்சையிலும் மகளுக்குரிய பங்கு சட்டத்தால் உறுதியாயிற்று. பேரனின் நிலை மட்டும் மாறவில்லை.

பிற நாடுகள் இதனைக் கவனித்தன. எகிப்து 1946-இல், பாட்டனார் எழுதாவிடினும் எழுதியதாகவே கொண்டு, மூன்றிலொன்றுக்கு மிகாமல் அநாதைப் பேரர்களுக்கு வழங்கும் கட்டாய வஸிய்யத்தைச் சட்டமாக்கியது. பாகிஸ்தான் 1961-இல், இறந்த பிள்ளையின் பங்கையே அவர்களுக்குக் கொடுத்தது. இந்த இரண்டாவது வழியை ஆலிம்கள் பலர் ஏற்கவில்லை. வாரிசுப் பங்கீட்டையே அது மாற்றுகிறது என்பது அவர்கள் வாதம். எகிப்தின் வழி மார்க்கத்திற்கு நெருக்கமானது என்பது எம் கருத்து.

இந்தியாவில் இவ்விரண்டும் இல்லை. ஆகவே பாட்டனாரே எழுதவேண்டும். "வாரிசுக்கு வஸிய்யத் இல்லை" என்று கேட்டுப் பழகிய நாம், பேரனுக்கும் அது பொருந்தும் என்று தயங்குகிறோம். மகன் உயிரோடிருக்கையில் பேரன் வாரிசே அல்லன். அவனுக்கு எழுதுவதில் தடையில்லை. அளவு மட்டும் உண்டு. மக்காவில் நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் சொத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பியபோது, மூன்றிலொன்றே போதும், அதுவும் அதிகமே என்று நபி (ஸல்) அவர்கள் வரம்பிட்டார்கள். (ஸஅத் அவர்கள் குணமடைந்து, பிற்காலத்தில் காதிஸிய்யாப் போரில் படை நடத்தினார்கள். வஸிய்யத்தைப் பற்றிப் பேசினால் ஆயுள் குறையும் என்று அஞ்சும் பெரியவர்கள் இதைக் கவனிக்கலாம்.)

அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சியதிலேயே மூன்றிலொன்று கணக்கிடப்படும். மனைவிக்குச் செலுத்தாத மஹரும் கடனே. நம் நாட்டில் முஸ்லிமின் வஸிய்யத்திற்கு முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை, வாய்மொழியும் செல்லும். ஆனால் நில விலை உயர்ந்த ஊரில் வாய்மொழியை மெய்ப்பிப்பது எளிதன்று. இரு சாட்சிகள் கையொப்பமிட்ட ஒரு தாளும், பதிவு அலுவலகத்தில் அரை நாளும் போதும். மனம் மாறினால், உயிரோடிருக்கும்வரை அதை மாற்றி எழுதலாம்.