உறைபனியில் மின்சாரம்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உங்கள் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் இருளிலும் குளிரிலும் கழித்த சில நாட்களும் வரலாறே. அத்துன்பத்திற்குக் காரணம் யாது என ஆராய்வது, ஒரு பேரரசு ஏன் வீழ்ந்தது என ஆராய்வதினின்றும் வேறுபட்டதன்று. சாட்சியங்களைத் திரட்டுதல், அவற்றை எடையிடுதல், பின்னரே தீர்ப்புக் கூறுதல் என்னும் முறை இரண்டிற்கும் பொது. பல்லாண்டுகள் வகுப்பறையில் நான் சொல்லிவந்த இம்முறையை இன்று ஒரு புதிய வழக்கில் வைத்து உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

வழக்கு இதுதான்: காற்று, கதிரவன், ஆற்றுநீர் ஆகிய வற்றாத ஊற்றுகளிலிருந்து பெறும் மின்சாரத்தைக் கடுங்குளிர்க் காலத்தில் நம்பலாமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்புறத்தில் உள்ளது டெக்ஸஸ் மாநிலம். நிலத்தடியில் பெட்ரோலியமும் இயற்கை வாயுவும் மிகுந்த மாநிலம். காற்றாலை மின்சாரத்திலும் அந்நாட்டில் முதலிடம் பெற்றது. கோடை வெயிலுக்குப் பழகிய அம்மாநிலத்தின்மீது, 2021 பிப்ரவரி நடுவில் வடதுருவக் குளிர்காற்று வந்து கவிந்தது. பிப்ரவரி 16ஆம் நாள் காலையில் டல்லஸ் வட்டாரத்தில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 19 பாகை சென்டிகிரேடு வரை இறங்கிற்று. 1949ஆம் ஆண்டிற்குப் பின் அத்தகைய குளிரை அவ்வட்டாரம் கண்டதில்லை. வீடுகளைச் சூடாக்க மக்கள் மின்சாரத்தை நாடினர், தேவை பெருகிற்று. அதே வேளையில் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

பிப்ரவரி 15ஆம் நாள் பின்னிரவில் நிகழ்ந்ததை நீங்கள் தெளிவாக உணரவேண்டும். ஒரு மாநிலத்தின் மின்னாக்கிப் பொறிகள் அனைத்தும் ஒரே தேரின் வடத்தை இழுப்போர் போன்றவை. அனைத்தும் ஒரே கதியில் சுழல வேண்டும். அமெரிக்காவில் அக்கதி நொடிக்கு 60 சுற்று அலைவு. நம் நாட்டில் 50. இழுப்போருள் சிலர் திடீரெனக் கைவிட, தேரின் பாரமும் கூடினால் என்னாகும்? தேர் தளரும். அன்றிரவு அலைவு 59.3 அளவிற்குத் தாழ்ந்தது. இச்சிறு குறைவால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அலைவு 59.4க்குக் கீழே 9 நிமிடம் நீடித்தால், பொறிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே விலகிக்கொள்ளும். அன்று அது 4 நிமிடம் 23 நொடி அந்த எல்லைக்குக் கீழே நின்றது. எஞ்சிய நிமிடங்களும் கழிந்திருப்பின் மாநிலம் முழுவதும் இருண்டு, மீண்டும் விளக்கேற்றப் பல வாரங்கள் ஆகியிருக்கலாம். அதனைத் தடுக்கவே நிர்வாகிகள் ஊர் ஊராக மின்சாரத்தைத் துண்டித்தனர். ஒரு கட்டத்தில் துண்டித்த அளவு 20,000 மெகாவாட். நாற்பத்தைந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்கள் இருண்டன. அரசின் கணக்குப்படி 246 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் உடற்சூடு குன்றி இறந்தவர்கள். மூடிய அறைகளில் வெப்பத்திற்காக மோட்டார் வண்டியையோ கரி அடுப்பையோ இயக்கி, நச்சுப்புகையால் மூச்சடைத்து மாண்டோரும் உண்டு.

மின்சாரம் திரும்புமுன்னரே, "காற்றாலைகள் உறைந்தன, நாடு இருண்டது" என்ற பேச்சு எழுந்தது. காற்றாலையின் இறக்கைமீது ஹெலிகாப்டர் ஒன்று நீர் தெளித்துப் பனியகற்றும் படம் எங்கும் பரவியது. அந்தப் படமோ டெக்ஸஸில் எடுத்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் சுவீடன் நாட்டில் எடுத்தது! எனவேதான் ஒரு சான்று கையிற் கிடைத்தவுடன், இது எவ்விடத்தது, எக்காலத்தது என்னும் இரு வினாக்களையும் முதலில் எழுப்புங்கள் என்று சொல்லுகிறேன்.

அமெரிக்க மைய அரசின் மின்துறை ஆணையமும் மின்வலை நம்பக அமைப்பும் சேர்ந்து நடத்திய விசாரணையின் அறிக்கை 2021 நவம்பரில் வெளிவந்தது. டெக்ஸஸிலும் அண்டை வட்டாரங்களிலும் தடைப்பட்ட மின்னாக்கிகள் 1,045. அவற்றுள் நூற்றுக்கு 58 இயற்கை வாயுவில் இயங்குபவை, 27 காற்றாலைகள், 6 நிலக்கரி, 2 சூரிய ஒளி. தடைகளுக்குக் காரணங்களுள் உறைதல் நூற்றுக்கு 44 பங்கு. எரிபொருள் வராமை 31 பங்கு. அணுமின் நிலையம் ஒன்றிலும் நீரழுத்தத்தை அறிவிக்கும் சிறு குழாய் உறைந்தமையால் ஓர் உலை நின்றது.

இவ்வெண்களைக் கண்டவுடன், "ஆகவே குற்றம் முழுவதும் வாயுவினுடையது" என்று எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடலாகாது. அங்கு வாயு நிலையங்களே மிகுதி. ஆதலின் நின்றவற்றுள்ளும் அவை மிகுதியாக இருத்தல் வியப்பன்று. நியாயமான வினா வேறு: அந்நாளில் எது எவ்வளவு தரும் என்று நம்பியிருந்தனர், அது எவ்வளவு தந்தது? குளிர்காலத்தில் காற்றிலிருந்து சிறு பங்கையே திட்டமிடுவோர் எதிர்பார்த்திருந்தனர். பெரும்பாரத்தை வாயு, நிலக்கரி, அணு ஆகியவற்றின்மீதே வைத்திருந்தனர். நம்பிக்கைக்கும் நடப்பிற்கும் இடையே விழுந்த பெரும்பள்ளம் அப்பக்கத்திலேதான். காற்றாலைகளும் உறைந்தன என்பது மெய். அவை மட்டுமே உறைந்தன என்பது பொய்.

வாயு ஏன் வரவில்லை? கிணற்று வாயில்களிலும் குழாய்களிலும் நீர் உறைந்தது. வாயுவைத் தள்ளும் பொறிகள் பல மின்சாரத்தால் இயங்குபவை. அவற்றைத் துண்டிக்கலாகாத இடங்களெனப் பெரும்பாலும் எவரும் குறித்துவைக்கவில்லை. ஆதலால் ஊர்களுக்கு மின்சாரத்தை நிறுத்தியபோது இவற்றிற்கும் நின்றது, வாயு குறைந்தது, வாயு குறையவே மின்சாரம் மேலும் குறைந்தது. கிணற்றில் இறங்கியவன் தான் ஏறவேண்டிய கயிற்றைத் தானே அறுத்த கதைதான் இது.

இனி, வற்றாத ஊற்றுகளின் குறையையும் மறையாது சொல்லவேண்டும். குளிர்நாட்டில் மின்தேவை உச்சம் பெறுவது விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும். அவ்வேளைகளில் கதிரவன் உதவான். இருளும் காற்றின்மையும் சேர்ந்து நாட்கணக்கில் நீடிக்கும் நிலைக்கு ஜெர்மானியர் 'டுங்கெல்ஃப்ளௌட்டே' என்று தனிப்பெயரே இட்டுள்ளனர். அந்நாட்களில் எத்தனை ஆயிரம் காற்றாலைகள் நின்றாலும் பயன் குறைவே. சேமிப்பு, அயலார் உதவி, வேறு வகை நிலையங்கள் என ஏதேனும் ஒரு துணை இருந்தே தீரவேண்டும். உறைதலோ திருத்தக்கூடிய குறை. சுவீடன் போன்ற நாடுகளில் இறக்கைகளைச் சூடாக்கும் அமைப்பும் குளிர்தாங்கும் எண்ணெயும் கொண்ட காற்றாலைகள் கடும்பனியிலும் சுழல்கின்றன. பொறி உறைவது செலவைப் பொறுத்தது. காற்று நின்றுபோவது இயற்கையைப் பொறுத்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது.

ஆற்றுநீரின் கதையையும் கேளுங்கள். கனடாவின் கியூபெக் மாநிலம் தன் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை நீரிலிருந்து பெறுகிறது. வசந்தத்தில் உருகும் பனிநீரை மாபெரும் நீர்த்தேக்கங்களில் நிரப்பி, குளிர்காலத்தில் செலவிடுகிறார்கள். நெற்குதிர் போன்ற இச்சேமிப்பினால் கடுங்குளிரிலும் வீடுகளை மின்சாரத்தாலேயே சூடாக்குகிறார்கள். அத்தகைய நாட்டிலும் 1998 ஜனவரி 5 முதல் ஐந்தாறு நாட்கள் உறைமழை பெய்தது. விழுந்த துளி விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகி மின்கம்பிகளில் தடித்தது. அதன் பாரம் தாங்காமல் ஏறத்தாழ ஆயிரம் எஃகுக் கோபுரங்கள் சாய்ந்தன. ஒன்று விழ, அது அடுத்ததை இழுத்தது. பதினான்கு இலட்சம் இணைப்புகள் அற்றுப்போயின. சிலர் ஒரு மாதத்திற்கும் மேல் இருளில் இருந்தனர். அணையில் நீர் இருந்தது, பொறி சுழல ஆயத்தமாக இருந்தது, வழிதான் ஒடிந்தது. குதிர் நிறைய நெல் இருந்தும் பாலம் இடிந்தால் ஊர் பட்டினிதானே? பின்னர், சரிவு தொடராதபடி இடையிடையே உறுதியான கோபுரங்களை அங்கு நாட்டினர்.

டெக்ஸஸுக்கு மீள்வோம். அம்மாநிலத்தின் மின்வலை பெரும்பாலும் தனித்து நிற்பது; அயல் வலைகளிலிருந்து அது பெறக்கூடியது அன்று சுமார் 1,200 மெகாவாட் மட்டுமே. அதே குளிரில் வாடிய வடபுற மாநிலங்கள் கிழக்கிலிருந்து மின்சாரம் பெற்று, சிறு துண்டிப்புகளோடு தப்பின. மேலும், இக்குளிர் முன்னறிவிப்பின்றி வந்ததுமன்று. 1989 டிசம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் குளிரால் பொறிகள் உறைந்து மின்சாரம் துண்டிக்க நேர்ந்தது. 2011 ஆகஸ்டில் வெளியான விசாரணை அறிக்கை, குழாய்களுக்கு வெப்பக்காப்பு இடுக, பொறிகளைக் குளிருக்கு ஆயத்தம் செய்க என்று தெளிவாகச் சொல்லிற்று. சொன்னதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, பலர் செய்யவில்லை. எல் பாசோ நகரம் 2011க்குப் பின் தன் நிலையங்களைச் செப்பனிட்டது. அது மேற்கு வலையோடு இணைந்த நகரம். குளிரும் அங்குச் சற்றுக் குறைவே. அது பெருந்துன்பமின்றிக் கடந்தது.

பத்தாண்டுக்கு முன் எழுதிவைத்த பாடத்தைப் படியாத குற்றத்திற்கு அந்த 246 உயிர்கள் விலையாயின. 2021 ஜூனில்தான் குளிர்க்காப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கு நிறைவேறியது. 2022 டிசம்பரில் மீண்டும் கடுங்குளிர் தாக்கியபோது டெக்ஸஸில் மின்சாரம் குறைந்து ஊர்களைத் துண்டிக்க நேரவில்லை. அப்போது 1933இல் தோன்றிய டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் தன் வரலாற்றில் முதன்முறையாகச் சுழற்சித் துண்டிப்புச் செய்தது. அங்கும் நின்றவை நிலக்கரி, வாயு நிலையங்களே.

ஆகவே வழக்கின் தீர்ப்பை இவ்வாறு கூறலாம்: எரிபொருளின் பெயரைக் கொண்டு மட்டும் நம்பகத்தை அளக்க இயலாது. பொறிக்குக் காப்பு, எரிபொருளுக்குச் சேமிப்பு, கம்பிக்கு வலிமை, அண்டையாரோடு இணைப்பு ஆகிய நான்கும் உள்ளனவா என்று கேட்கவேண்டும். காற்றும் கதிரவனும் இவற்றோடு கூடிப் பயன்தரும். இவையின்றி வாயுவும் அணுவுங்கூடக் கைவிடும்.

நீங்கள் நாளை பொறியியலாளராகலாம். ஆட்சிப் பொறுப்பு ஏற்கலாம். வாக்களிக்கும் குடிமக்களாக இருத்தல் உறுதி. ஒரு பேரிடர் முடிந்ததும் அறிக்கை ஒன்று உங்கள் மேசைக்கு வரும். அதனைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அதில் எழுதியுள்ளதை அடுத்த குளிருக்கு முன் செய்து முடியுங்கள்.