ஹெல் டிரைவர்ஸ் (திரைப்படம்)

ஹெல் டிரைவர்ஸ் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த பிரித்தானியக் கறுப்பு வெள்ளைத் திரைப்படம். ஜல்லி ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரி ஓட்டுநர்களுக்கு இடையிலான போட்டியே இதன் கதை. ஜான் குரூஸ் எழுதிய சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு, அவரும் இயக்குநர் சை எண்ட்ஃபீல்டும் திரைக்கதை அமைத்தனர். ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் ஒளிப்பதிவு செய்தார்.

சிறையிலிருந்து விடுதலையான டாம் (ஸ்டான்லி பேக்கர்) ஒரு லாரி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறான். அங்கே மாதச் சம்பளம் கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று கூலி. நாள் ஒன்றுக்குக் குறைந்தது 12 நடை அடிக்காதவனுக்கு வேலையில்லை. மேஸ்திரி ரெட் (பேட்ரிக் மெக்கூகன்) எல்லோரையும் விட அதிக நடை அடிப்பவன். அவனை முந்துபவனுக்குத் தங்க சிகரெட் பெட்டி பரிசு. குறுகலான கிராமச் சாலைகளில் லாரிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பறப்பது இதனால்தான். டாமுக்கு நண்பனாக இருப்பவன் இத்தாலியனான ஜினோ (ஹெர்பர்ட் லோம்) ஒருவனே. அவனும் விபத்தில் இறந்துபோகிறான்.

ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பகைக்கிறார்கள். ஆனால் தவறு வேறிடத்தில் இருக்கிறது. மேலாளர் கார்ட்லி (வில்லியம் ஹார்ட்னெல்) தேவையைவிடக் குறைந்த ஆட்களை வைத்து வேலை வாங்குகிறான். இல்லாத ஓட்டுநர்களின் சம்பளத்தை அவனும் ரெட்டும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பன்னிரண்டு நடைக் கணக்கு அந்தத் திருட்டை மறைக்கவே. சண்டைக் காட்சிகளுக்காக மட்டும் படத்தைப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள். லாரிகளின் அசுர வேகத்தில் ஓரளவு கேமரா தந்திரமும் உண்டு. மெதுவாகப் படம்பிடித்து, திரையில் வேகமாக ஓட்டிக் காட்டினார்கள்.

கடந்தகாலம் காரணமாக வேலை மறுக்கப்படுவது என்ன என்று இயக்குநருக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்கரான எண்ட்ஃபீல்டின் பெயர் 1951இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிச எதிர்ப்பு விசாரணைக் குழுவின் முன் கம்யூனிஸ்டு எனக் குறிப்பிடப்பட்டது. ஹாலிவுட்டின் கதவு மூடிற்று. பிரிட்டனுக்கு வந்த பிறகும் சொந்தப் பெயரில் படம் எடுக்க முடியவில்லை. 1953இல் வந்த 'தி லிம்பிங் மேன்' படத்தில் இயக்குநராகச் சார்லஸ் டி லாட்டூர் என்னும் மற்றொருவர் பெயரே இடம்பெற்றது. ஹெல் டிரைவர்ஸ் படத்திலும் 'சி. ரேக்கர் எண்ட்ஃபீல்ட்' என்று சற்றே மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

சிறு வேடத்தில் வரும் ஓட்டுநர்களில் ஒருவர் ஷான் கானரி. ஜேம்ஸ் பாண்டாக அவர் நடிக்க இன்னும் ஐந்தாண்டு இருந்தது. ஹார்ட்னெல் 1963இல் 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் டாக்டரானார். நாயகன் பேக்கர் வேல்சின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். தொழிலாளி வேடம் அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. அவரும் எண்ட்ஃபீல்டும் மேலும் சில படங்களில் சேர்ந்து பணியாற்றினர். அவற்றில் பெரும்புகழ் பெற்றது 1964இல் வந்த 'சூலு'. அதில் இயக்குநர் பெயர் சை எண்ட்ஃபீல்ட் என்றே வந்தது.